ஆற்றில் திருகிக் கடலில் தேடாதீர்கள்

அத்தியாயம் 6: பல்ஸ் கருவியைக் கடற்கரைக்கும் நீருக்கடிக்கும் சீரமைத்தல்

ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடிய கதையை விருத்தாசலத்துக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. திருமுதுகுன்றம் என்ற பழைய பெயர் கொண்ட நம்மூரில் பழமலைநாதரிடம் பெற்ற பன்னிரண்டாயிரம் பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்டார். திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் இறங்கி எடுத்தார். கதை சொல்கிறவர்கள் பாதிப்பேர் ஒரு செய்தியை விட்டுவிடுவார்கள். ஆற்றில் போடுமுன் அவர் மச்சம் வெட்டி வைத்துக்கொண்டார். மச்சம் என்றால் மாற்றுப் பார்ப்பதற்காகக் கையில் எடுத்து வைக்கும் மாதிரித் துண்டு. குளத்தில் கிடைத்த பொன்னை அந்தத் துண்டோடு ஒப்பிட்டு உரைத்தபோதுதான் மாற்றுக் குறைந்திருப்பது தெரிந்தது.

இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவதும் அதுதான். உலோகம் தேடும் கருவியில் இருக்கும் எண்களை நம்பாதீர்கள். கையில் ஒரு மச்சம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு மணலிலும், ஒவ்வொரு தண்ணீரிலும் அதைக் காட்டித்தான் திருகைத் திருக வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு மாசி மகத்துக்கு முந்தின நாள், மணிமுத்தாற்றில் தேங்கிக் கிடந்த முழங்கால் தண்ணீரில் என் கருவியைச் சீர்செய்தேன். மூக்குத்திக்குக்கூடக் கூவியது. மறுநாள் கடலூர் தேவனாம்பட்டினத்தில் தீர்த்தவாரிக் கூட்டம். குளித்துக் கரையேறிய உறவுக்காரர் ஒருவர், விரலில் மோதிரம் இல்லை என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பெருமையோடு காயிலை அலையோரத்தில் இறக்கினேன். அலை வந்தால் அலறல், அலை போனால் அமைதி. கடலையே உலோகம் என்று சொல்லிக்கொண்டிருந்தது கருவி. டிலே என்ற திருகு 8 மைக்ரோநொடியில் நின்றதைக் கவனித்து 13க்கு ஏற்றிய பிறகுதான் அலறல் அடங்கியது. மூக்குத்திக்குக் காது மங்கியது உண்மை, மோதிரம் கேட்டது.

கருவி எதைக் கேட்கிறது?

பல்ஸ் இண்டக்‌ஷன் கருவியைச் சுருக்கமாகப் பி.ஐ. என்கிறோம். காயிலுக்குள் சில பத்து முதல் சில நூறு மைக்ரோநொடி வரை மின்னோட்டத்தைச் செலுத்தி, சட்டென்று அறுத்துவிடும். நொடிக்குப் பல நூறு முறை இது நடக்கும். அறுக்கும் கணத்தில் காயிலைச் சுற்றியிருந்த காந்தப்புலம் இடிந்து விழும். அருகில் உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் கிளம்பி, மெல்ல அடங்கும். அந்த அடக்கத்தைத்தான் கருவி காது கொடுத்துக் கேட்கிறது. மின்னோட்டத்தை அறுத்த பிறகு எத்தனை மைக்ரோநொடி பொறுத்துக் கேட்பது என்பதை முடிவு செய்வது டிலே என்ற திருகு. கடற்கரை வேலையில் பாதி இந்த ஒரு திருகில்தான் இருக்கிறது.

காரணம் எளிது. உப்புத் தண்ணீரும் மின்சாரம் கடத்தும். செம்போடு ஒப்பிட்டால் கோடி மடங்கு மோசமான கடத்திதான். ஆனால் மோதிரம் சில கிராம், கடலோ காயிலை முழுக்கச் சூழ்ந்திருக்கிறது. நல்லவேளையாகக் கடல்நீரின் குரல் சீக்கிரம் செத்துவிடும். 10 மைக்ரோநொடிக்குச் சற்று முன்பின் பொறுத்தால் போதும், பெரும்பாலும் அடங்கிவிடும். சிக்கல் என்னவென்றால், மூக்குத்தி, மெல்லிய சங்கிலி போன்றவற்றின் குரலும் அதே நேரத்தில் சாகும். டிலேயைக் குறைத்தால் கடல் கத்தும். கூட்டினால் சின்னப் பொன் ஊமையாகும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில்தான் வேலை.

மச்சப் பெட்டி

ஒரு பிளாஸ்டிக் சோப்புப் பெட்டியில் இவற்றைச் சேர்த்து வையுங்கள். ஒவ்வொன்றும் ஒரு பாடம்.

1. 22 காரட் மோதிரம், 3 அல்லது 4 கிராம். இதுதான் முதல் மச்சம். வெளிநாட்டு வழிகாட்டிகள் 9, 10, 14 காரட் மோதிரங்களை நினைத்து எழுதப்பட்டவை. கலப்பு கூடக் கூடப் பொன்னின் கடத்தும் திறன் குறையும். குரலும் சீக்கிரம் அடங்கும். நம் 916 பொன் அவற்றைவிட நன்றாகக் கடத்தும். ஆகவே அவர்கள் சொல்லும் குறைந்த டிலே நமக்கு எல்லா நேரமும் தேவைப்படாது.

2. வெள்ளி மெட்டி. மெட்டி முழு வளையம் இல்லை, விரலுக்கு ஏற்ப விரிக்க வெட்டுவிட்ட வளையம். சுற்று முழுமையாகாததால் அதே எடை மோதிரத்தைவிடக் குரல் மெலிந்திருக்கும். வெள்ளி நல்ல கடத்தி என்பதால் பெரிதாகக் கூவும் என்று எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள்.

3. மெல்லிய சங்கிலித் துண்டு. கண்ணிக்குக் கண்ணி தொடுகை சரியாக இருக்காது. கருவிக்கு அது ஒரு நீளச் சங்கிலி இல்லை, பல குட்டி வளையங்கள். இதைக் காயிலுக்கு முன் காட்டிப் பார்த்தவர்கள், தொலைந்த சங்கிலியைத் தேடித் தருவதாக யாருக்கும் வாக்குக் கொடுக்கமாட்டார்கள்.

4. ஒரு ரூபாய் எவர்சில்வர் நாணயம், வலை ஈயக்குண்டு, துருப்பிடித்த ஆணி. குப்பையின் குரலையும் பழக வேண்டும்.

5. செங்கல் துண்டு ஒன்று, வெள்ளைப் பீங்கான் துண்டு ஒன்று. இது நம்மூர்ச் சேர்க்கை. இரும்பு மிகுந்த செம்மண்ணைச் சுடும்போது மிக நுண்ணிய இரும்பு ஆக்சைடு மணிகள் அதில் உருவாகும். கருவியின் துடிப்பில் அவை காந்தமேறி, துடிப்பு நின்றபின் மெல்ல இறங்கும். அந்த இறக்கம் உலோகத்தின் அடக்கம் போலவே கருவிக்குக் கேட்கும். வெள்ளைப் பீங்கானில் இந்தத் தொல்லை இல்லை. பீங்கான் தொழிற்சாலையில் களிக்கூழைக் காந்தத்தின் மேல் ஓடவிட்டு இரும்பை எடுப்பதை விருத்தாசலத்துக்காரர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சாமானில் பழுப்புப் புள்ளி விழாமல் இருக்கச் செய்யும் வேலை அது; நமக்கும் உதவுகிறது.

கருமணலைக் கண்டு பயப்பட வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி முதல் கிழக்குக் கரை வரை பல இடங்களில் கரும்பட்டையாகக் கனிம மணல் கிடக்கும். மற்ற வகைக் கருவிகள் அங்கே தடுமாறும். பருமனான மணிகளாலான கருமணலின் காந்தம் துடிப்போடு ஏறித் துடிப்போடு இறங்கிவிடுவதால், பி.ஐ. அதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. கடற்கரையில் பி.ஐ.யை நாடுவதற்கு உப்புக்கு அடுத்த காரணம் இதுதான்.

வீட்டு மேசையில் செய்து முடிக்க வேண்டியவை

கடைக் கருவி வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். சர்ஃப் பி.ஐ., ஹேமர்ஹெட் போன்ற சுற்றுகளைத் தாங்களே கட்டியவர்களுக்காக இது.

காயில்: 26 செ.மீ. விட்டத்தில் எனாமல் கம்பியை 23 சுற்றுச் சுற்றினால் ஏறத்தாழ 300 மைக்ரோஹென்றி வரும். கடலுக்குப் போகும் காயிலுக்குக் கவசம் கட்டாயம். கவசம் இல்லாவிட்டால் காயிலுக்கும் உப்புநீருக்கும் இடையே மின்தேக்கம் மாறிக்கொண்டே இருந்து, ஒவ்வொரு அலையும் சத்தமாகக் கேட்கும். கிராஃபைட் பூச்சையோ மெல்லிய செப்பு நாடாவையோ சுற்றி, சுற்றின் தரைக் கம்பியோடு இணையுங்கள். முழு வட்டமாக மூடிவிடாதீர்கள். ஒரு விரல் இடைவெளி விடாவிட்டால் கவசமே ஓர் உலோக வளையமாகிவிடும்.

தணிப்பு மின்தடை: மின்னோட்டத்தை அறுத்ததும் காயிலில் 300, 400 வோல்ட் வரை எகிறும். அதை விரைவாக, ஆடவிடாமல் அடக்குவது காயிலுக்குக் குறுக்கே இருக்கும் தணிப்பு மின்தடை. மதிப்பு கூடினால் அலை ஆடி ஆடி அடங்கும். குறைந்தால் சோம்பேறியாக இறங்கும். ஊசலாட்டம் தொடங்கும் எல்லைக்குச் சற்று இப்பால் நிறுத்துவது சரியான இடம். ஆசிலாஸ்கோப் இருந்தால் முன்பெருக்கியின் வெளியீட்டில் பார்த்து வைக்கலாம். இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு: 470, 560, 680, 820, 1000 ஓம் மின்தடைகளை ஒவ்வொன்றாக மாட்டுங்கள். ஒவ்வொன்றிலும் கருவி தானாகக் கூவாமல் டிலேயை எவ்வளவு தூரம் குறைக்க முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மிகக் குறைந்த டிலேக்கு இடம் தந்ததே உங்கள் காயிலுக்குரியது. கம்பி சுற்றிய மின்தடை ஆகாது. 2 வாட் மெட்டல் ஃபிலிம் போடுங்கள். எபாக்ஸி ஊற்றி மூடியபின் காயிலின் மின்தேக்கம் மாறும் என்பதால், இந்தச் சோதனையை மூடிய பிறகு மறுபடி செய்ய வேண்டும்.

இரண்டாம் மாதிரி: காயிலை வீசும்போது பூமியின் காந்தப்புலமே அதில் சிறு மின்னழுத்தத்தை உண்டாக்கும். முதல் மாதிரிக்குக் குறைந்தது 100 மைக்ரோநொடி தள்ளி இரண்டாவது மாதிரி எடுத்து, முதலிலிருந்து கழித்தால் அது போய்விடும். வீசும் திசை மாறும்போதெல்லாம் கருவி முனகினால் இந்தக் கழித்தலில்தான் பிசகு.

எங்கே வைத்துச் சீர்செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். மொட்டை மாடித் தளத்தில் கம்பி இருக்கிறது. செங்கல் தரையும் ஆகாது. நெய்வேலியிலிருந்து உயரழுத்தக் கம்பிகள் போகும் பாதைக்கு அடியில் வைத்துத் திருகினால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலுக்குத்தான் கருவியைப் பழக்குவீர்கள். திறந்தவெளியில், ஆணி இல்லாத மரப்பலகையில் வையுங்கள்.

எச்சரிக்கை ஒன்று. எகிறும் அந்த மின்னழுத்தம் கையில் அடிக்கும். மின்கலத்தைக் கழற்றாமல் காயில் இணைப்பைத் தொடாதீர்கள். ஈரக் கையோடு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மணலில் சீரமைக்கும் முறை

முதலில் உங்களையே சோதித்துக்கொள்ளுங்கள். மோதிரம், கைக்கடிகாரம், பெல்ட் பக்கிள், வெள்ளி அரைஞாண், பையில் சாவி. தோண்டும் கரண்டி எவர்சில்வர் என்றால் காயிலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும். பிறகு இந்த வரிசை:

1. கருவியைப் போட்டுப் பத்து நிமிடம் சும்மா விடுங்கள். வெயிலில் சுட்ட கருவி தண்ணீரில் குளிரும்போது அமைப்பு நகரும்.

2. டிலேயை 25 மைக்ரோநொடியில் வையுங்கள். காயிலைத் தரைக்கு மேலே பிடித்து, காதுக்கு மெல்லிய ரீங்காரம் மட்டும் கேட்குமாறு த்ரெஷோல்டைத் திருகுங்கள். ரீங்காரமே இல்லாத அமைதி வேண்டாம். அந்த அமைதியில் மெலிந்த குரல்கள் மூழ்கிவிடும்.

3. இரைச்சல் துடித்துத் துடித்து வந்தால் துடிப்பு வேகத்தைச் சற்று நகர்த்துங்கள். மின்கம்பியும், பக்கத்தில் இன்னொருவர் வைத்திருக்கும் பி.ஐ.யும் இதற்குக் காரணமாகலாம். இரண்டு பேர் போனால் வேகத்தை வெவ்வேறாக வைத்துக்கொண்டு விலகி நடங்கள்.

4. அலை வந்து மூடிப் போகும் ஈர மணலுக்குப் போங்கள். காயிலைத் தரையோடு வைத்து, அலை அதன்மேல் ஏறி இறங்கவிடுங்கள். பாதி நனைந்து பாதி நனையாமல் இருக்கும் நிலைதான் கடுமையான சோதனை.

5. டிலேயை ஒவ்வொரு மைக்ரோநொடியாகக் குறையுங்கள். அலை ஏறும்போது ரீங்காரம் உயரத் தொடங்கும் இடம் வரும். அங்கிருந்து இரண்டு மைக்ரோநொடி பின்வாங்கி நிறுத்துங்கள்.

6. இப்போது மச்சம். மோதிரத்தை ஒரு நைலான் நூலில் கட்டி, நூலின் மறுமுனையைக் குச்சியில் முடிந்து, ஒரு சாண் ஆழத்தில் ஈர மணலில் புதையுங்கள். நூல் இல்லாமல் புதைத்தால் மச்சத்தைத் தேட இன்னொரு மச்சம் வேண்டியிருக்கும். கருவி கேட்டால் ஆழத்தைக் கூட்டுங்கள். 26 செ.மீ. காயிலில் ஒரு சாணைத் தாண்டிக் கேட்டால் அமைப்பு சரி.

7. செங்கல் துண்டை அதே ஆழத்தில் புதைத்துப் பாருங்கள். மண் சமன் திருகு உள்ள கருவி என்றால், காயிலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே செங்கல் மெலியும் வரை திருகலாம். அப்படித் திருகியதும் மோதிரத்தை மறுபடி காட்டுங்கள். சில மோதிரங்கள் செங்கலோடு சேர்ந்தே மெலிந்துவிடும். அப்படியானால் செங்கலைத் தோண்டி எடுப்பதே மேல்.

வீச்சு மெதுவாக இருக்கட்டும். தானியங்கிச் சமன் உள்ள கருவிகள், காயில் ஒரே இடத்தில் நின்றால் உலோகத்தையும் தரையாக எண்ணி மறந்துவிடும். அந்தச் சமன் வேகம் கூடுதலாக இருந்தால் காயிலைச் சற்று விரைவாக வீச வேண்டும்.

பி.ஐ.க்கு நல்லது கெட்டது பிரித்துச் சொல்லத் தெரியாது. நீள ஆணி பெரும்பாலும் இரட்டைக் குரல் கொடுக்கும்; செங்குத்தாக நிற்கும் மோதிரமும் அப்படித்தான் கொடுக்கும். ஆகவே ஆணி என்று நினைத்து விட்டுவிட்டால் மோதிரத்தையும் விட்டுவிடுவீர்கள். கேட்டதையெல்லாம் தோண்டுவதுதான் பி.ஐ.யின் தர்மம். மீனவர் ஊரையொட்டிய கரையில் நாளெல்லாம் ஈயக்குண்டும் தூண்டில் முள்ளும்தான் வரும். பொறுமை இல்லாதவர்கள் வேறு வேலை பார்க்கலாம்.

எப்போது போவது? நம் கிழக்குக் கரையில் ஓதம் ஏறி இறங்கும் உயரம் குறைவு, ஒரு மீட்டருக்கு முன்பின்தான். ஆகவே தாழ்வோதத்தை மட்டும் நம்ப முடியாது. வடகிழக்குப் பருவத்தில் அலை கரையை அரித்து வெட்டும்போது மேல் மணல் போய்க் கனமான பொருள்கள் எஞ்சும். அதே காலத்தில் ஆற்று முகத்துவாரங்களில் உப்பு குறையும். மணிமுத்தாறு கலந்த வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் சேருமிடத்தில், மழைக்கால டிலேயும் சித்திரை டிலேயும் ஒன்றாக இருக்காது. போன மாதத்து எண்ணை இந்த மாதம் வைக்காதீர்கள்.

தண்ணீருக்குள்

இடுப்பளவுத் தண்ணீர் வரை மேலே சொன்ன முறையே போதும். காயிலை முழுக்க மூழ்கடித்தே வையுங்கள். நீர்மட்டத்தில் வெட்டி வெட்டி எடுத்தால் குரல் குழம்பும்.

அடுத்த தொல்லை மிதப்பு. காற்று அடைத்த காயில் மேலே எழும்பும். பத்து நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். ஈயம் கட்ட முடியாது, அது உலோகம். இங்கே நம்மூர்க் கழிவு கைகொடுக்கும். உடைந்த வெள்ளைப் பீங்கான், உலோகத் துண்டைக் கழற்றிய ஒடிந்த ப்யூஸ் கட்டை, இவற்றை நொறுக்கிக் காயில் உறைக்குள் எபாக்ஸியோடு சேர்த்து ஊற்றுங்கள். தண்ணீரைவிட இரண்டு மடங்குக்கு மேல் அடர்த்தி, மின்சாரம் கடத்தாது, துரு ஏறாது. பழுப்புப் பூச்சுள்ள இன்சுலேட்டர் துண்டை மட்டும் முதலில் காயிலுக்கு முன் காட்டிப் பாருங்கள். அந்தப் பழுப்பு நிறமே இரும்பு கலந்த பூச்சிலிருந்து வருவது. காயிலைத் தண்ணீரில் விட்டால் மெல்லத் தரையில் இறங்கி உட்கார வேண்டும், கல்லாக விழக் கூடாது.

தண்ணீரின் தடையால் வீச்சு தானாகவே மெதுவாகும். ஆகவே தானியங்கிச் சமனின் வேகத்தைக் குறையுங்கள். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு மணல் பருக்கை இருந்தால் போதும், தண்ணீர் உள்ளே புகும். ஒவ்வொரு முறையும் துடைத்துச் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். வீட்டில் கட்டிய பெட்டியோடு இடுப்பளவுக்கு மேல் இறங்க வேண்டாம். ஆழத்துக்கென்றே செய்யப்பட்ட கருவிகள் வேறு. காரெட் சீ ஹண்டர் மார்க் 2 போன்றவை 200 அடி ஆழம் தாங்கும். கருவி தாங்கும் என்பதற்காக நீங்கள் தாங்குவீர்கள் என்று அர்த்தமில்லை. முக்குளிப்புப் பயிற்சி இல்லாமல் இறங்காதீர்கள். தனியாக இறங்கவே இறங்காதீர்கள்.

கோளாறும் காரணமும்

மேசையில் அமைதி, கடலில் அலறல்: டிலே குறைவு, அல்லது கவசம் அறுந்திருக்கிறது.

தொடங்கும்போது சரி, அரைமணியில் ரீங்காரம் ஏறுகிறது: மின்கலம் இறங்குகிறது, அல்லது இணைப்பில் உப்புநீர் புகுந்திருக்கிறது.

ஈயக்குண்டு கேட்கிறது, மோதிரம் கேட்கவில்லை: டிலே அதிகம், அல்லது தணிப்பு மின்தடை குறைவு.

காயிலைத் தட்டினாலே கூவுகிறது: உறைக்குள் கம்பிச் சுற்று ஆடுகிறது. எபாக்ஸி முழுதாக நிரம்பவில்லை.

கிடைத்த பிறகு

கரையில் கிடைக்கும் மோதிரம் யாரோ ஒருவர் அழுதுகொண்டே விட்டுப்போனது. கண்டெடுத்தவருக்கே சொந்தம் என்று சட்டம் சொல்லவில்லை. உரியவருக்குச் சேர்க்காமல் நேர்மையின்றி வைத்துக்கொள்வது குற்றம். காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள். தேடப் போகுமுன் அந்த ஊர் மீனவர் பஞ்சாயத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை; சந்தேகமும் வராது.

பழம்பொருள் என்றால் கதையே வேறு. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது எதுவானாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நூறு ஆண்டைத் தாண்டிய நாணயமும் சிலையும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களின் பக்கம் கருவியோடு போகவே கூடாது.

இது வெறும் சட்ட மிரட்டல் இல்லை. பூம்புகாருக்கு எதிரே கடலில், ஏறத்தாழ 20 மீட்டர் ஆழத்தில், மூழ்கிய கப்பல் ஒன்றிலிருந்து ஆய்வாளர்கள் ஈயக்கட்டிகளை எடுத்தார்கள். அவற்றில் டபிள்யூ. பிளாக்கெட் என்ற முத்திரையும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் இருந்தன. அந்தக் கப்பலின் காலத்தை அந்த எழுத்துகள்தான் சொல்லின. கிடந்த இடம் குறிக்கப்படாமல் யாரோ ஒருவர் முன்பே எடுத்துப் பழைய ஈயக் கடையில் எடைக்குப் போட்டிருந்தால், கிலோவுக்குச் சில ரூபாய் கிடைத்திருக்கும், வரலாறு கிடைத்திருக்காது. அப்படி ஏதாவது உங்கள் காயிலில் பட்டால், தொடாமல் இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு பழக்கம். ஒவ்வொரு முறையும் தேதி, இடம், டிலே, மச்சம் கேட்ட ஆழம் ஆகிய நான்கையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். ஆனால் அடுத்த முறை அந்த எண்ணைப் பார்த்துத் திருகாதீர்கள். மச்சத்தைப் புதைத்து, காயிலை மேலே வீசி, காதால் கேட்டுவிட்டுத் திருகுங்கள்.